விளைச்சலில் ஒரு வாரம்

2024 அக்டோபர் 26ஆம் தேதி, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் வந்த சனிக்கிழமை காலையில், எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசை ஓரமாக அடுக்கி வைத்திருந்த பதினொரு பச்சைப் பெட்டிகளில் என் பெயர் எழுதியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறினேன். சிங்கப்பூரின் வடமேற்கே லிம் சூ காங்கில் இருக்கும் ஒரு சிறிய மண்தோட்டப் பண்ணையின் விளைச்சலில் பதின்மூன்று வாரங்களுக்குப் பங்கு வாங்கியிருந்தேன். அதன் முதற்பெட்டி அது. சமையலறை மேசையில் வைத்து மூடியைத் திறந்ததும், குளிர்பதனப் பெட்டிக்குள்ளிருந்து வரும் பேரங்காடிக் கீரையில் ஒருபோதும் இல்லாத ஈரமண் வாடை எழுந்தது. மலாய்க்காரர்கள் பாயாம் என்று சொல்லும் சிவப்புத் தண்டுக்கீரை இரண்டு கட்டு, கங்கோங் எனும் வள்ளைக்கீரை ஒரு கட்டு, சாய் சிம் எனும் சீனக் கீரை ஒரு கட்டு, பயற்றங்காய் ஒரு பிடி, வெண்டைக்காய் பதினொன்று, ஒரு நாரில் கட்டிய, மணத்துக்குப் போடும் பாண்டான் இலை. தராசில் வைத்துப் பார்த்தேன். 2.6 கிலோகிராம் இருந்தது.

என் மாமியார் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1974இல் திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். பெட்டியில் இருந்தவற்றை அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்ததைப் பார்த்தபோது, பிரிந்து போன உறவினரின் கைகளைத் தடவிப் பார்ப்பவரைப் போல இருந்தது. கீரைக்கட்டின் வேர்களைப் பிரித்து, ஒட்டியிருந்த மண்ணை விரல்நுனியால் நசுக்கினார். வெண்டைக்காய் ஒன்றின் நுனியை ஒடித்தார். அது ‘டக்’ என்று உடைந்தது. “நேத்து சாயங்காலமோ இன்னைக்கி விடியவோ பறிச்சது” என்றார். பிறகு நாளிதழை விரித்து உட்கார்ந்து, முற்றிய தண்டு தனி, இளந்தண்டு தனி, இலை தனி என்று மூன்று குவியலாக ஆய்ந்தார். முற்றிய தண்டின் நாரை உரித்துச் சாம்பாருக்கு ஒதுக்கினார். இளந்தண்டைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கச் சொன்னார். இலையைப் பூண்டு தட்டிப் போட்டு மசிக்கச் சொன்னார். கீரை கழுவிய தண்ணீர் மூன்றாம் முறையும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. ஒரு கட்டுக் கீரையை இப்படி மூன்று உணவாகப் பார்க்கும் கண் எனக்கு இருந்ததில்லை. நான் அதுவரை தண்டையெல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டவள்.

இந்தத் திட்டத்தில் சேரும் எண்ணம் எனக்கு 2020இலேயே வந்தது. அந்த ஆண்டு மார்ச் 16ஆம் தேதி இரவு, மலேசியா 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரும் என்ற செய்தி வந்தது. மறுநாள் மாலை வேலை முடிந்து பேரங்காடிக்குப் போனபோது கீரை வைக்கும் தட்டுகள் முழுவதும் காலியாக, அவற்றின்மேல் நீர் தெளிக்கும் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சரக்குப் போக்குவரத்து நிற்காது என்று அரசாங்கம் சொன்னது. உண்மையில் நிற்கவும் இல்லை. ஆனாலும் அந்த வெறுந்தட்டுகளைப் பார்த்த மாலையில்தான், ஒவ்வொரு நாள் இரவும் ஜோகூர் கடற்பாலத்தைக் கடந்துவரும் லாரிகளை நம்பியே என் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை நான் உடம்பால் உணர்ந்தேன். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது அதே உணர்வு மறுபடி வந்தது. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருந்தேன். படித்ததும் பார்த்ததும் ஒன்றல்ல.

பங்கு வாங்குவதற்கான விதிமுறை எளிமையானது. பதின்மூன்று வாரங்களுக்கு 416 சிங்கப்பூர் வெள்ளியை, விதை போடும் முன்பே மொத்தமாகச் செலுத்திவிட வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு பெட்டி வரும்; அது ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் இருக்கும்படி பண்ணை முயலும். என்ன வரும் என்பதைப் பண்ணைதான் முடிவு செய்யும். விளைச்சல் மிகுந்தால் பெட்டி கனக்கும். குறைந்தால் பெட்டியும் குறையும், குறைந்ததற்குப் பணம் திரும்பி வராது. நான் கணக்குப் பதிவாளராக வேலை செய்பவள். கடைசி வாக்கியத்தைப் படித்ததும் கை நின்றுவிட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு அளவுக்கு உறுதி தராத ஒப்பந்தத்தை அலுவலகத்தில் நான் பார்த்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். என் கணவருக்கும் அதே தயக்கம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மோர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமலே, “இது குத்தகை இல்லியே, வாரமால்ல இருக்கு” என்றார்.

வாரம் என்றால் எனக்கு ஏழு நாள்தான். அத்தை அன்று விளக்கிய பிறகே அந்தச் சொல்லுக்கு விளைச்சலில் பங்கு என்ற பொருளும் இருப்பது தெரிந்தது. காவிரிப் படுகையில் நிலத்துக்காரருக்குப் போகும் பங்கு மேல்வாரம், உழுதவருக்கு நிற்கும் பங்கு குடிவாரம். குத்தகையோ வேறு. குத்தகைக்கு எடுத்தவர், மழை பெய்தாலும் பொய்த்தாலும், வெள்ளம் வந்து பயிர் அழுகினாலும், பேசிய நெல்லை அளந்தே தீர வேண்டும். இழப்பு முழுவதும் உழுதவர் தலையில் விழும். வாரத்திலோ விளைந்ததில்தான் பங்கு. நூறு மூட்டை கண்டால் நூற்றில் பங்கு, இருபது கண்டால் இருபதில் பங்கு. அத்தையின் தந்தை இரண்டு முறையிலும் பயிரிட்டவர். வாரத்திலும் களத்துமேட்டில் மரக்காலை அமுக்கி அளக்கிற கொடுமை உண்டு என்பதையும் அத்தை மறைக்காமல் சொன்னார். அதைப் பொற்காலமாக அவர் பேசவில்லை. “ஆனா வெள்ளம் வந்த வருஷம் வாரத்துக்கு விட்டவரும் எங்கப்பாவோட சேந்து வரப்புல நின்னு வானத்தப் பாத்தாரு. குத்தகைக்கு விட்டவரு வீட்ட விட்டு வெளியவே வரல” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் தயக்கம் தீர்ந்தது. கடையில் கீரை வாங்கும்போது நான் செய்வது குத்தகை. என் ஒன்றரை வெள்ளிக்கு ஒரு கட்டு வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த கடைக்குப் போவேன். விதைத்தவருக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியவும் தேவையில்லை. பங்கு வாங்கும்போது நான் ஏற்பது வாரம். அன்றிரவே பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பினேன்.

உலகில் இந்த முறைக்கு இப்போதுள்ள வடிவம் 1970களில் ஜப்பானில் உருவானது. இரசாயன மருந்துகளைப் பற்றிக் கவலைப்பட்ட குடும்பத் தலைவிகள் குழுவாகச் சேர்ந்து, பக்கத்து உழவர்களோடு நேரடியாகப் பேசி, விளைவதை வாங்கிக்கொள்வதாக உறுதி தந்தார்கள். அதற்குத் ‘தெய்கெய்’ என்று பெயர். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷியர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே போன்ற முறையைத் தொடங்கின. அங்கெல்லாம் பனி விலகி மண் இளகும் காலத்தில் பருவம் தொடங்கி, மறுபடி உறைபனி விழும்போது முடிகிறது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை என்பதால், பதின்மூன்று வாரம் என்பது வசதிக்காகக் கிழித்த கோடுதான் என்று தொடக்கத்தில் நான் எண்ணியிருந்தேன். ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே புழுக்கம், நினைத்த நேரத்தில் ஒரு மழை. இதில் பருவம் எங்கே இருக்கிறது?

நான்காம் வாரம், நவம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பங்குதாரர்கள் வந்து பார்க்கலாம் என்று பண்ணையில் அழைத்திருந்தார்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு 975ஆம் எண் பேருந்தில் போனேன். அடுக்குமாடி வீடுகள் நின்று, கல்லறைத் தோட்டங்கள் கடந்து, சாலையின் இருபுறமும் மரங்கள் மட்டுமே வரும்போது, அதே தீவில்தான் இருக்கிறோமா என்று அத்தை இரண்டு முறை கேட்டார். சுவா சூ காங், லிம் சூ காங் என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்களில் உள்ள ‘சூ காங்’ என்பதே ஒரு பயிர்த்தொழிலின் எச்சம்தான். ஆற்றங்கரைகளில் காம்பிர் என்னும் தோல்பதனிடும் செடியும் மிளகும் பயிரிட்ட சீனக் குடியேறிகளின் தலைவர்கள் தங்கிய இடங்கள் அப்படிப் பெயர் பெற்றன. இப்போது நாட்டின் நிலப்பரப்பில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான இடமே வேளாண்மைக்கு இருக்கிறது.

பண்ணை முதலாளி எழுபதைத் தாண்டிய தியோச்சியூச் சீனர். அவருக்கும் எங்களுக்கும் இடையே மொழிபெயர்த்துச் சுற்றிக் காட்டியவர், அங்கே மேற்பார்வை செய்யும் ஒரு மலேசியத் தமிழ்ப்பெண். பேராக்கில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டி ரப்பர் மரம் சீவியவர். முப்பத்தைந்து வயது இருக்கும். “வாங்கக்கா, பாட்டி, பாத்து நடங்க, வழுக்கும்” என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டவர், பிறகு திரும்பும்வரை விடவில்லை. அவர் சொன்னவற்றைப் பேருந்தில் திரும்பும்போதே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இந்தத் தீவின் மண் இயல்பாகவே புளிப்பு மிகுந்தது. சுண்ணாம்பு தூவிப் புளிப்பைத் தணித்து, மட்கிய கோழி எருவும் இலைமட்கும் சேர்த்தால்தான் கீரை தழைக்கும். ஆனால் இங்கே பெய்யும் மழை அப்படிச் சேர்த்த தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் கரைத்துக்கொண்டு அடிமண்ணுக்கு இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு விதைப்புக்கும் மறுபடி ஊட்ட வேண்டும். மேலே வலைக்கூடம் கட்டியிருப்பது வெயிலுக்காக மட்டுமல்ல. சாய் சிம் போன்ற கோசு வகைகளில் முட்டையிடும் சிறு அந்துப்பூச்சியைத் தடுப்பதற்கும், மழைத்துளி நாற்றின்மேல் நேராக வந்து அறையாமல் சிதறுவதற்கும் அது வேண்டியிருக்கிறது.

கீரையை ஏன் விடியுமுன் பறிக்கிறார்கள் என்று கேட்டேன். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே எரித்துக்கொள்ளும் என்றார். வெப்பம் 10 பாகை ஏறினால் அந்த எரிப்பு இரண்டு, மூன்று மடங்காகும். இரவெல்லாம் குளிர்ந்திருக்கும் இலையை அந்தக் குளிர்ச்சியோடே பறித்து நிழலில் வைத்தால் வாழ்நாள் நீளும். பத்து மணி வெயிலில் பறித்தால் வெயிலையும் சேர்த்துப் பெட்டிக்குள் அடைப்பதாகும். நவம்பர் 30ஆம் தேதி அலுவலகத்தில் ஆண்டிறுதிக் கணக்கு வேலை இருந்ததால், பெட்டியை எடுக்க எனக்குப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. கீழ்த்தளத்து வெக்கையில் ஐந்து மணிநேரம் கிடந்த கங்கோங் துணிபோலத் தொங்கியது. அத்தை தண்டுகளின் அடியை ஒரு விரற்கடை அளவு அரிந்து, அகன்ற பாத்திரத்தில் குளிர்ந்த நீர் ஊற்றி, பூங்கொத்தைப்போல நிற்க வைத்தார். முக்கால் மணி நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக விறைத்து நிமிர்ந்தன. சமையல்வேலைகளுக்கு நடுவே நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வாடிய கீரையைப் பார்த்தால் இதைச் செய்து பாருங்கள். அழுகாத வரையில் பெரும்பாலும் மீண்டு வரும்.

பண்ணை விளக்கத்தில் என் மனத்தில் தங்கியது இன்னொன்று. முதலாளி நிலத்தை அரசாங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இங்கே புதிதாக ஏலம் விடும் வேளாண் நிலங்களுக்கு 20 ஆண்டுக் காலம்தான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வாடகை, ஆள்கூலி, மின்கட்டணம் ஆகியவை மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும். ஜோகூரில் குறைந்த கூலியில் விளையும் கீரை விடியுமுன் மொத்தச் சந்தைக்கு வந்துவிடுவதால், விலையை ஏற்றி விற்கவும் வழியில்லை. ஒரு பக்கம் அசையாத குத்தகை, மறு பக்கம் அசைந்துகொண்டே இருக்கும் வானம், இரண்டுக்கும் நடுவில் அந்த முதியவர் நிற்கிறார். நாங்கள் நாற்பது குடும்பங்கள் முன்கூட்டிக் கொடுத்த பணம்தான் அந்தத் தவணைக்கு விதை, எரு, வலை எல்லாமாக மாறியிருந்தது. கிழிந்த பழைய வலைக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்த வலையைத் தொட்டுக் காட்டி, “இது உங்க காசுதான்க்கா” என்றார் அந்தப் பெண்.

நடுவில் வந்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்று பெட்டிகளில் எட்டில் சாய் சிம் இருந்தது. முதல் இரண்டு வாரம் சீனர்கள் செய்வதுபோலச் சிப்பிச் சாறு ஊற்றி வதக்கினேன். பிறகு தண்டைப் பொடியாக நறுக்கிக் கடுகு, காய்ந்த மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்ததில், முட்டைக்கோசுப் பொரியலை விட என் பிள்ளைகளுக்கு அதுவே பிடித்துப்போனது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இலையைத் துவரம்பருப்போடு கடைந்தோம். தவசிக்கீரை ஒரு முறை வந்தது. அதை உருவிக் கையால் கசக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளற வேண்டும். இந்தக் கீரையை மட்டும் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்க வேண்டாம். 1990களில் தைவானில் உடல் எடை குறைக்க அப்படிக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டது. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், முருங்கைக்காய், கொத்தவரங்காய் ஆகியவற்றுக்கு நான் வழக்கம்போல லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு பண்ணைப் பெட்டியால் ஒரு தமிழ் வீட்டின் சமையலறை நிறைந்துவிடும் என்று யாரும் நினைத்துச் சேர வேண்டாம்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. பருவம் எங்கே என்று கேட்ட எனக்குப் பெட்டியே விடை சொல்லத் தொடங்கியது. டிசம்பர் 7ஆம் தேதிப் பெட்டி 2.3 கிலோகிராம், 14ஆம் தேதி 2.1, 21ஆம் தேதி 1.8. கங்கோங் இலைகளின் அடிப்பக்கம் சுண்ணாம்புப் பொட்டுகளைப்போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஈரம் காயாத நாட்களில் பரவும் வெண்துரு நோய் அது. தண்டுக்கீரை இரண்டு வாரம் வரவேயில்லை. முளைத்து இரண்டு இலை விட்ட நிலையில், மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்துக் கறுத்து, நாற்றுகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்துவிட்டதாக அந்தப் பெண் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு எழுதினார். நாற்றழுகல் என்று அதற்குப் பெயர். படத்தில், நேர்கோடுகளாக விதைத்த பாத்தியின் நடுவே, யாரோ ஈரத்துணியை வைத்து எடுத்ததுபோல வட்ட வட்டமாக வெறும் மண் தெரிந்தது. அத்தை கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

என்னை இந்தத் திட்டத்துக்கு அழைத்துவந்த அலுவலகத் தோழி, புத்தாண்டோடு விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். இலை என்றாலே தட்டைத் தள்ளிவிடுவார்கள். 32 வெள்ளிக்கு 1.8 கிலோகிராம் கீரையை வாங்கிப் பாதியை எறிவது அவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருத்தமாகவே இருந்திருக்கிறது. மீதியிருந்த வாரங்களுக்கான அவருடைய பெட்டியை எங்கள் தளத்தில் தனியாக வாழும் ஒரு மலாய் மூதாட்டிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

2025 ஜனவரி 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை நிற்கவேயில்லை. அந்த வெள்ளி, சனி இரண்டு நாட்களில் சாங்கியில் பதிவான மழை 255 மில்லிமீட்டர். ஜனவரி மாதம் முழுவதற்குமான நீண்டகாலச் சராசரியே 222தான். செவ்வாய்க்கிழமை பொங்கல். பல காய்க் குழம்புக்குக் காய்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது அத்தையின் முறை. பெட்டியில் வருவதை வைத்துத்தான் ஏழா ஒன்பதா என்று முடிவு செய்வேன் என்று அவர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் பெட்டி வருமா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது. பத்தரை மணிக்குக் குழுவில் செய்தி வந்தது: தாமதமாகும், ஆனால் வரும். ஒன்றேகாலுக்குக் கீழே இறங்கினேன். மழையங்கி போட்டபடியே அந்தப் பெண் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. “மன்னிச்சிக்குங்கக்கா, பாத்தியெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. கீரை ஒண்ணும் எடுக்க முடியல” என்றார். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. விளைந்ததில் பங்கு என்று ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தோம் என்று சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, மழைச்சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை.

பெட்டியில் வாழைக்காய் நான்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூன்று, அதன் இலை ஒரு கட்டு, முருங்கைக்கீரை இரண்டு கொத்து இருந்தன. மழை அடித்தாலும் மரத்திலும் மேட்டிலும் தாக்குப்பிடித்து நின்றவை அவைதான். பதின்மூன்று வாரத்தில் மிகக் குறைந்த எடை அன்றுதான், 1.1 கிலோகிராம். ஆனால் பெட்டிக்கு வெளியே, நாளிதழில் சுற்றி, தமிழ்ப் பெயர் எழுதியிருந்த நான்கு வீடுகளுக்கு மட்டும் ஒரு பொட்டலம் தனியாக இருந்தது. மேலே வந்து பிரித்தால், கிழங்கோடும் வேரோடும் மண்ணோடும் பிடுங்கிய இரண்டு மஞ்சள் செடிகள். இலைகளில் மழைத்துளி அப்படியே நின்றது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பொங்கலுக்கு விற்கும் மஞ்சள் கொத்து எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது லிம் சூ காங் மண். அத்தை கிழங்கின் ஓரத்தை நகத்தால் கீறினார். ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரிந்தது, சமையலறை முழுவதும் மணந்தது. ஒரு செடியைப் பானைக்கு ஒதுக்கிவிட்டு, மற்றொன்றின் கிழங்கை உடைத்து, வீட்டு வாசலில் இருந்த பெரிய தொட்டியில் ஊன்றினார். அந்தப் பொங்கலுக்கு ஐந்து காய்க் குழம்பு வைத்தோம். இரண்டு காய் பெட்டியிலிருந்து. பறங்கி, மொச்சை, அவரை மூன்றும் தேக்காவிலிருந்து.

ஜனவரி 18ஆம் தேதியோடு தவணை முடிந்தது. குறிப்பேட்டில் எழுதிவந்த எடைகளைக் கூட்டினேன்: 27.9 கிலோகிராம். 416 வெள்ளியை வகுத்தால் கிலோகிராமுக்கு 14 வெள்ளி 91 காசு. ஜோகூர்க் கீரை சந்தையில் அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும். இந்தக் கணக்கை நான் யாரிடமும் மறைப்பதில்லை. பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி யாரையும் சேர்க்கவும் மாட்டேன். அதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட்டுப் பார்த்தேன். நாற்பது குடும்பங்களுக்குமாகச் சேர்த்து அந்தப் பண்ணைக்கு முன்கூட்டிக் கிடைத்தது 16,640 வெள்ளி. மழையில் போன நாற்றுகளின் இழப்பு நாற்பதாகப் பிரிந்ததில், என் பங்குக்கு வந்தது பேசிய அளவில் குறைந்த ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் கீரை மட்டுமே. என் வீட்டில் அதனால் யாரும் பசியோடு படுக்கவில்லை. அந்த இழப்பு முழுவதும் முதலாளி ஒருவர்மேல் விழுந்திருந்தால் பிப்ரவரியில் விதை வாங்கியிருப்பாரா என்பது ஐயம்தான்.

2019இல் அரசாங்கம் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் இங்கேயே விளைவிக்க இலக்கு வைத்தது. 2023இல் நாம் உண்ட காய்கறியில் உள்ளூரில் விளைந்தது ஏறத்தாழ 3 விழுக்காடு. முட்டையில் மட்டும் அது 32 விழுக்காட்டை நெருங்கியது. 2025 நவம்பரில் அந்த இலக்கு கைவிடப்பட்டு, காய்கறி, முளைப்பயறு, காளான் ஆகிய நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு, அதுவும் 2035க்குள், என்று மாற்றப்பட்டது. செய்தியைப் படித்தபோது நான் இரண்டாம் ஆண்டு மழைத்தவணையில் நான்காவது பெட்டிக்குக் காத்திருந்தேன். எங்கள் நாற்பது பெட்டிகள் இந்த விழுக்காடுகளில் ஒரு புள்ளியையும் அசைக்கமாட்டா. ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் நாற்றழுகலும் வெண்துருவும் வாடகைத் தேதியும் உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். உள்ளூர்க் கீரை ஏன் விலை கூடுதல் என்று கடையில் யாராவது கேட்டால், நின்று விளக்கிவிட்டுத்தான் நகர்கிறேன்.

வாசல் தொட்டியில் அத்தை ஊன்றிய மஞ்சள், ஓர் ஆண்டில் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, இலைகள் நடைவழியை மறைக்கும் அளவுக்கு விரிந்தது. 2026ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, காலி பச்சைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். அத்தை தொட்டியைச் சாய்த்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார். மூன்று செடி வந்திருந்தது. இரண்டைப் பானைக்கு என்று ஓரமாக வைத்துவிட்டு, கிழங்கு பெரியதாக இருந்த மூன்றாவதை நாளிதழில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தார்.

“அந்தப் பொண்ணுகிட்ட குடு. அவ வாரம்” என்றார்.